நேர்முகத் தேர்வு வந்தால் யாருக்கு லாபம்?
டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அரசு வேலைக்கும் நேர்முகத் தேர்வு வைத்தால்தான் திறமையான ஆள் கிடைப்பார் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஊர் கோத்தகிரி பக்கம், அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர். எங்கள் தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் இருந்து ஒரு பெண் இன்றைக்கு இளநிலை உதவியாளராக இருக்கிறாள் என்றால் அது எழுத்துத் தேர்வை மட்டும் வைத்து ஆள் எடுத்ததால்தான். 200 கேள்வி, 300 மதிப்பெண், கேள்விகளில் பாதி தமிழ். விடையைக் கருப்படித்துக் கொடுக்கிற ஓஎம்ஆர் தாளுக்கு நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது.

நானும் ஒரு தற்காலிக அரசு வேலைக்கு நேர்காணல் போயிருக்கிறேன். காலை ஆறு மணி பஸ், பனியில் கை விறைத்துப்போய் உள்ளே போனால் முதல் கேள்வி "அப்பா என்ன பண்றார்?", அடுத்தது "யார் சொல்லி வந்தீங்க?" அவ்வளவுதான். சான்றிதழ் ஃபைலில் போட்ட ரப்பர் பேண்டைக்கூட யாரும் கழற்றவில்லை, அப்படியே வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

சரி, எழுத்துத் தேர்வு மட்டும் சுத்தமா? 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் அழியும் மையில் விடையைக் குறித்துவிட்டு, பிறகு அதே தாளில் சரியான விடையை நிரப்பினார்கள் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அது மாட்டிக்கொண்டது, 99 பேருக்கு வாழ்நாள் தடையும் வந்தது. நேர்காணலில் போடுகிற மார்க்கை எந்த மையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

இங்கிருந்து படிக்கிறவர்களுக்கு உண்மையான கஷ்டமே வேறு. நல்ல கோச்சிங் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் இறங்க வேண்டும், மழையில் ரோட்டில் மண் சரிந்தால் அன்றைய வகுப்பு போச்சு. அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!