போஸ்ட்டாக் கட்டணம் கட்டிப் படிக்கும் படிப்பு அன்று

பாறசாலையிலிருந்து தம் தங்கையை மூலக்கூறு நரம்பியல் (நரம்பணுக்களை மூலக்கூறு அளவில் ஆராயும் துறை) போஸ்ட்டாக் ஆய்வுக்கு அனுப்பலாமா என்று கேட்ட நண்பருக்கு, "போஸ்ட்டாக் என்பது முனைவர் பட்டத்துக்கு மேல் கட்டணம் செலுத்திப் படிக்கும் இரண்டாண்டுப் படிப்பு, முடித்தால் இன்னொரு பட்டம் கிடைக்கும்" என்று மேலே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அது சரியன்று. போஸ்ட்டாக் என்பது காலவரையறை உள்ள ஆய்வுப் பணி. அதற்குப் பட்டமும் இல்லை, கட்டணமும் இல்லை, மாறாக மாத உதவித்தொகை உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைப்படுத்திய விகிதப்படி, முனைவர் பட்டம் பெற்றோருக்கான ரிசர்ச் அசோசியேட் நிலையில் மாதம் 58,000 முதல் 67,000 ரூபாய் வரை வழங்கப்படும். வீட்டு வாடகைப்படி தனி. (அது எல்லா இடத்திலும் தேதி தவறாமல் வந்து சேரும் என்று மட்டும் நம்பிவிட வேண்டாம்.)

இரண்டாண்டுக் கணக்கும் இத்துறையில் பெரும்பாலும் ஏட்டளவில்தான்; ஆய்வு அதைத் தாண்டி நீளும். எலிக் கருவின் மூளையில் ஹிப்போகேம்பஸ் பகுதியிலிருந்து பிரித்தெடுத்து வளர்க்கும் நரம்பணுக்கள் முதிர்ந்த இணைப்புகளை உருவாக்கவே இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். அதற்கிடையில் பூஞ்சை தொற்றினால் அனைத்தையும் அகற்றிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதோடு, விலங்குகளைப் பயன்படுத்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதலையும் முன்னதாகவே பெற்றிருக்க வேண்டும்.

தங்கை வெகுதூரம் போகத் தேவையில்லை; திருவனந்தபுரத்தில் உள்ள ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையத்திலேயே நரம்பியல் ஆய்வு நடைபெறுகிறது. பணி அறிவிப்பு வரும்போது, ஊதியம் எந்தத் திட்ட நிதியிலிருந்து வருகிறது, அத்திட்டம் எப்போது முடிகிறது என்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.