தசைப் புரதமான டிஸ்ட்ரோஃபின் இருக்கும் இடம் இசட் தட்டு அல்ல
"டிஸ்ட்ரோஃபின்தான் ஆக்டினை இசட் தட்டில் கட்டுகிறது, அது இல்லாததால் டுஷேன் நோயில் சார்கோமியரே உருவாவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். (சார்கோமியர் என்பது தசை சுருங்கும் அடிப்படை அலகு, இசட் தட்டு அதன் எல்லை, ஆக்டின் அதன் மெல்லிய இழைப் புரதம்; டுஷேன் ஒரு பரம்பரைத் தசைச் சிதைவு நோய்.) இரண்டுமே தவறு. இசட் தட்டில் எதிரெதிர்ப் பக்க ஆக்டின் இழைகளைக் குறுக்கே பிணைப்பது ஆல்ஃபா-ஆக்டினின் என்ற புரதம். டைட்டின் என்ற நீண்ட புரதத்தின் ஒரு முனையும் அங்கேதான் ஊன்றியிருக்கிறது. அருகருகே உள்ள இரு டைட்டின் முனைகளை டெலிதோனின் என்ற சிறு புரதம் சேர்த்துப் பூட்டுகிறது. டைட்டினின் மறுமுனை சார்கோமியரின் நடுவிலுள்ள எம் கோட்டில். கிட்டத்தட்ட 1 மைக்ரோமீட்டர், ஒற்றைப் புரதத்துக்கு அசாத்திய நீளம்!

டிஸ்ட்ரோஃபின் (427 கிலோடால்டன்) இருப்பது செல் சவ்வுக்கு அடியில். ஒரு முனை சவ்வோரத்துக் காமா-ஆக்டினைப் பிடிக்கிறது, மறுமுனைப் பக்கம் சவ்விலுள்ள பீட்டா-டிஸ்ட்ரோகிளைக்கான் புரதத்தை. டுஷேனில் சார்கோமியர் ஒழுங்காகவே அமைகிறது. ஆனால் இந்தப் பிணைப்பு இல்லாததால் தசை சுருங்கும்போது சவ்வு கிழிந்து கால்சியம் உள்ளே புகுகிறது. தசைக்குள் இருக்கும் கிரியேட்டின் கைனேஸ் நொதி ரத்தத்துக்குக் கசிகிறது. ரத்தப் பரிசோதனையில் அது எகிறிக் காட்டுவது இதனால்தான்.