அந்த இரண்டு குரல்களையும் அப்படியே விடுங்கள்

அமெரிக்க இசைக்குழுவான ஃப்ளையிங் பரிட்டோ பிரதர்ஸின் முதல் ஆல்பமான 'தி கில்டெட் பேலஸ் ஆஃப் சின்' மறுபதிப்பு வினைலாக வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இத்தனை வருடம் சிடியிலும் போனிலும் கேட்டதுதான். இந்த ஒரு வாரமாக வேறு எந்த ரெக்கார்டையும் எடுக்க மனசு வரவில்லை. மறுபதிப்பு என்ற பேரில் இதில் எதையும் மாற்றக் கூடாது என்றுதான் தோன்றுகிறது.

பேர்ட்ஸ் என்ற ராக் குழுவை விட்டு வந்து இந்தக் குழுவைத் தொடங்கிய கிராம் பார்சன்ஸும் கிறிஸ் ஹில்மனும் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே வீட்டில் தங்கிப் பாட்டு எழுதினார்கள். 1969-இல் ஏ அண்ட் எம் ரெக்கார்டு கம்பெனி ஆல்பத்தை வெளியிட்டது. அமெரிக்காவில் அன்றைக்கு ராக் கேட்கிறவர்களுக்கும், கன்ட்ரி என்ற கிராமத்து இசை கேட்கிறவர்களுக்கும் ஏழாம் பொருத்தம். வியட்நாம் போர் அந்தப் பிளவை இன்னும் ஆழமாக்கியிருந்தது. இந்த ஆல்பத்திலோ, கட்டாய ராணுவச் சேர்க்கைக்குத் தப்பி ஓட நினைப்பவனின் பாட்டு மாண்டலின் துள்ள, அசல் கிராமத்து மெட்டில் வருகிறது. இரு தரப்பும் வாங்கவில்லை. பில்போர்டு பட்டியலில் 164-ஆம் இடத்தைத் தாண்டவில்லை.

உறையைப் பெரிய அளவில் பார்த்த பிறகுதான் பல விஷயங்கள் கண்ணில் பட்டன. ஜோஷுவா ட்ரீ பாலைவனம், பளபளக்கும் மேடை உடைகளுக்குப் பேர்போன நூடி கடையில் தைத்த சூட்டுகள். பார்சன்ஸின் வெள்ளைச் சூட்டில் கஞ்சா இலை, கசகசாப் பூ, மாத்திரைகள் என்று பூவேலை. ஸ்னீக்கி பீட் க்ளைனோவின் நெஞ்சில் ஆதிகாலத்துப் பறக்கும் பல்லி. மனிதர், பொம்மைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படமாக்கும் ஸ்டாப்-மோஷன் அனிமேஷன் கலைஞரும்கூட! பெடல் ஸ்டீல் என்ற, கிடத்தி வைத்து வாசிக்கும் கிதாரை, ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் கருவி வழியாக விட்டு உறும வைத்தவர் அவர்தான்.

சரி, நான் சொல்ல வந்தது இதுதான். பல பாடல்களில் பார்சன்ஸின் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் ஹில்மனின் குரல் மறு ஸ்பீக்கரிலும் தனித்தனியாக நிற்கும். இது மிக்ஸிங் குறை, மறுபதிப்பில் சரிசெய்ய வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 'ஸின் சிட்டி'யை ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கேளுங்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் அமர்ந்து, நம்மை நடுவில் வைத்துக்கொண்டு பாடுவது போல இருக்கும். அதை நடுவில் கொண்டுவந்து குழைத்துவிட்டால் அது வேறு ரெக்கார்டு.

மறுபதிப்பில் கூடுதல் பாட்டு சேர்ப்பதும் அப்படித்தான், பாடல்களின் வரிசையைக் கெடுத்துவிடும். முதல் பக்கத்தின் நடுவில் டான் பென், சிப்ஸ் மோமன் எழுதிய இரண்டு சோல் பாடல்கள் அடுத்தடுத்து வரும். கறுப்பினப் பாடகர்களான அரீதா ஃபிராங்க்ளினும் ஜேம்ஸ் காரும் பாடியவை. கறுப்பர் இசைக்கும் வெள்ளையர் கன்ட்ரிக்கும் நடுவில் சுவரே இல்லை என்பதை அந்த வரிசையே காட்டிவிடுகிறது. அப்புறம் தட்டைத் திருப்பினால், சில நிமிடங்களில் 'ஹாட் பரிட்டோ நம்பர் 1'. பார்சன்ஸின் குரல் உடைகிற இடத்தில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது. 1973-இல் இறந்தபோது அவருக்கு வயது 26. இறந்த இடமும் அதே ஜோஷுவா ட்ரீதான்.

வாங்க நினைப்பவர்கள் பின்னட்டையை ஒருமுறை பாருங்கள். முதல் பக்கத்தில் ஐந்து, இரண்டாம் பக்கத்தில் ஆறு. அதற்கு மேல் ஒரு பாட்டு இருந்தாலும் அந்தப் பதிப்பை விட்டுவிட்டு வேறு தேடுங்கள்.