அம்மாவின் தோளில் வைத்த கை

போன ஆவணியில் சுவிஸிலிருந்து அக்கா வந்து விசுவமடுவில் எங்களோடு ஐந்து கிழமை நின்றார். வந்த மூன்றாம் நாள் இரவு அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு கைகளையும் தோளில் வைத்தபடி பேசாமல் இருந்தார். தடவவில்லை, அமுக்கவில்லை, எண்ணெய் பூசவில்லை. "என்னக்கா செய்யிறீங்கள்?" என்று கேட்டேன். "ரெய்கி. சத்தம் போடாத" என்றார்.

அம்மாவின் இடது தோளில் மூன்று செல் பீஸ், எறிகணைத் துண்டுகள், இருக்கிறது. யுத்தத்தில், 2009 தையில், சுதந்திரபுரத்தில் பட்டது. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தால் எலும்புக்குப் பக்கத்தில் அரிசிக் குறுணல் மாதிரி வெள்ளையாகத் தெரியும். எடுக்கப்போனால் நரம்பு பழுதாகிவிடும், அப்படியே இருக்கட்டும் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். மழைக்குணம் கண்டாலே உளைவு தொடங்கிவிடும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி வந்து விறாந்தைக் குந்தில் இருப்பார். பனடோல் போட்டாலும் அரைகுறை நித்திரைதான். வன்னியில் இப்படி விறாந்தையில் விடியவிடிய இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று இதை வாசிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும்.

அன்றிரவு அம்மா விடியும்வரை நித்திரை கொண்டார். நான்கூட எழும்பிப் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

ரெய்கி என்கிற சக்தி ஒன்று கை வழியாகப் பாய்கிறது என்பதை நான் நம்பவில்லை. அம்மா நித்திரை கொண்டதை என் கண்ணால் கண்டேன். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே கதைக்க வேண்டியிருக்கிறது.

இதை ஆயிரம் ஆண்டுப் பழைய வித்தை என்று பலர் எழுதுகிறார்கள். அவ்வளவு பழசில்லை. மிக்காவோ உசுயி என்ற ஜப்பானியர் 1922இல் கியோத்தோவுக்குப் பக்கத்தில் குராமா மலையில் 21 நாள் விரதம் இருந்தபோது இந்த ஆற்றல் தனக்குக் கிடைத்ததாகச் சொன்னார். 'கி' என்றால் உயிராற்றல், நாங்கள் பிராணன் என்கிறோமே, அதுபோல. அடுத்த வருடமே, 1923 செப்டெம்பரில், பெரிய நிலநடுக்கம் தோக்கியோவையும் யொக்கோகாமாவையும் புரட்டிப் போட்டது. ஒரு லட்சத்துக்கு மேல் சனம் செத்தது. அந்த நாட்களில் உசுயி தினமும் ஊர் ஊராகப் போய் ஆட்களுக்குக் கைவைத்தார் என்று அவருடைய நினைவுக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். அவர் 1926இல் இறந்தார். ஹவாயில் பிறந்த ஹவாயோ தக்காத்தா என்ற பெண்மணி 1930களின் கடைசியில் இதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனார். பிற்காலத்தில் மாஸ்டர், அதாவது ரெய்கி ஆசிரியர், ஆகும் பயிற்சிக்கு அவர் 10,000 டொலர் வாங்கினார் என்பதும் இந்தக் கதையில் உண்டு.

அந்த நிலநடுக்கத்தை வாசித்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். வீடும் பிள்ளையும் போனவர்களுக்குப் பக்கத்தில் ஒருவர் வந்து இருந்து தோளில் கைவைக்கிறார். இடம்பெயர்ந்து இருந்த செட்டிக்குளம் முகாமில் எங்களுக்கு அரிசி வந்தது, பருப்பு வந்தது, தறப்பாள் வந்தது. அம்மாவின் தோளில் அப்படிக் கைவைக்க அன்றைக்கு ஒருவரும் இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை.

எங்களிடம் இது இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. காய்ச்சல் என்றால், பயந்துவிட்டோம் என்றால், அம்மம்மா பார்வை பார்ப்பார். வேப்பங்கொத்தைத் தலையிலிருந்து கால்வரை மூன்று தரம் இழுத்து உதறி, நெற்றியில் திருநீறு பூசி, உச்சியில் ஊதுவார். அதற்குள் அவருக்கே கொட்டாவி வந்து கண்ணில் நீர் முட்டும். கொட்டாவி வந்தால் நாவூறு கழன்றுவிட்டது என்று கணக்கு. அந்தப் பத்து நிமிடம் ஒரு பெரிய மனுசி வேறு எந்த வேலையும் இல்லாமல் என்னை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். காசு ஒருநாளும் வாங்கியதில்லை. காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடச் சொன்னதும் அவர்தான்.

சரி, ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று தேடினேன். 2011இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு என் மனதில் நன்றாகத் தங்கிவிட்டது. கீமோ மருந்து ஏற்ற வந்த 189 புற்றுநோயாளரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான ரெய்கி. இன்னொன்றுக்கு, பயிற்சி இல்லாத ஒருவர் ரெய்கி செய்கிற மாதிரியே கைவைத்தார். மூன்றாவது குழுவுக்கு வழமையான கவனிப்பு மட்டும். உண்மைக்கும் பொய்க்கும் இடையில் வித்தியாசம் வரவில்லை. இரண்டு குழுவினருக்கும் உடம்பும் மனமும் இலேசானது. சும்மா விடப்பட்ட மூன்றாவது குழுவுக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை.

இதை வாசித்துவிட்டு "பார்த்தீர்களா, பொய்" என்று சொல்லிப் போகலாம். எனக்கு வேறு ஒன்று தெரிந்தது. மந்திரமும் தீட்சையும் குறியீடும் இல்லாமல் ஒரு சாதாரண ஆள் வந்து கைவைத்தாலே அந்த நோயாளிக்குச் சுகமாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் அதை நானும் செய்யலாம், நீங்களும் செய்யலாம்.

சக்தியைக் கையால் உணரலாம் என்கிற கதைக்கும் ஒரு பரிசோதனை இருக்கிறது. ரெய்கிக்கு அல்ல, அதற்கு நெருங்கிய, கையால் செய்கிற இன்னொரு வைத்தியத்துக்கு. எமிலி றோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளிக்கூட விஞ்ஞான வேலைக்காகச் செய்தது. வைத்தியம் செய்கிறவர்களின் கைகளை ஒரு மட்டைத் தடுப்பின் ஓட்டைகளால் நீட்டச் சொன்னாள். அவர்களுடைய ஏதாவது ஒரு கைக்கு மேல் தன் கையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கை என்று கேட்டாள். 21 பேர், 280 தடவை. 44 வீதம்தான் சரி. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா சொன்னாலும் பாதி சரிவரும். 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் அது வெளியானது. அக்காவிடம் இதைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அக்காவோடு எனக்குச் சண்டை இல்லை. எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு.

எங்கள் ஒழுங்கையில் ஓர் அண்ணை இருக்கிறார். சீனி வருத்தம், பத்து வருடமாகக் குளிசை. வெளியிலிருந்து வந்து ரெய்கி வகுப்பு நடத்திய ஒருவர் அவருக்குச் சில நாள் கைவைத்துவிட்டு, "ஆற்றல் இறங்கத் தொடங்கிட்டுது, இனிக் குளிசையைக் குறைக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். அண்ணை குறைத்தார், பிறகு முழுவதுமாக விட்டார். வயலுக்குள் காலில் முள் ஏறியது. சீனி கூடினவர்களுக்குக் காலில் உணர்வு குறைந்துவிடும் என்பதால் நோ தெரியவில்லை. தெரிந்தபோது புண் மணக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு விரல் எடுத்தார்கள். அவருடைய கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். மாதம் தவறாமல் திகதியும் சீனி அளவும் எழுதிய பக்கங்கள், பிறகு நான்கு மாதம் ஒன்றுமே இல்லை, அதற்குப் பிறகு சத்திரசிகிச்சைக்கு அனுப்பிய சிவப்புப் பேனைக் குறிப்பு.

அந்த வெறும் பக்கத்துக்கு யார் பதில் சொல்வது? ரெய்கி படித்த அக்காவே இதைக் கேட்டுத் துடித்துப்போனார். மருந்தை நிறுத்தச் சொல்லக்கூடாது என்பது தங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்த விதி என்றார். துணைச் சிகிச்சை என்று பெயர் வைத்துவிட்டு, துணையாக வந்தவர் வண்டிக்காரனை இறக்கிவிட்டு வண்டியைத் தான் ஓட்டினால் எப்படி? நோ, பயம், நித்திரையின்மை, இவற்றில் கை கொடுக்கும். இரத்தத்தில் இருக்கிற சீனியைக் கை குறைக்காது. புடையன் கடித்த விசத்தைக் கை இறக்காது. மார்பில் கட்டி இருந்தால் தெல்லிப்பளைக்கோ மகரகமவுக்கோ, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும்.

தூரத்திலிருந்து வட்ஸ்அப்பில் சக்தி அனுப்புகிறோம் என்று காசு வாங்குகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல நல்ல வார்த்தை இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தனிய என்று இருக்கிற வீடுகளைப் பார்த்துத்தான் அவர்கள் வருகிறார்கள்.

வருடம் தவறாமல் மடு மாதா கோவிலுக்குப் போகிற பக்கத்து வீட்டு அன்ரி, இதைச் செய்வித்தால் பாவமா என்று கேட்டார். 2009இல் அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் தங்கள் நிறுவனங்களில் ரெய்கி வேண்டாம் என்று அறிவித்ததைச் சொன்னேன். மிச்சத்தைப் பங்குச் சுவாமியிடம் கேட்கச் சொல்லிவிட்டேன்.

எங்கள் கிளினிக்குகளில் டொக்டருக்கு ஓர் ஆளுக்கு மூன்று நிமிடம் கிடைப்பதே பெரிது. அந்த மூன்று நிமிடத்தில் அவர் பிரஷர் பார்ப்பாரா, பதினேழு வருடக் கதை கேட்பாரா? அந்தக் கதையோடுதான் அம்மா போன்றவர்கள் வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள். வீட்டில் நாங்கள் போனைப் பார்த்துக்கொண்டு "குளிசை போட்டீங்களா?" என்று கேட்கிறோம். அப்பா போன பிறகு அம்மாவை யார் தொட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பேரப்பிள்ளைகள் சின்னனாக இருந்தபோது. அதற்குப் பிறகு பிரஷர் பார்க்கிற தாதி.

அக்கா திரும்பிப் போன இரவு அம்மா பழையபடி விறாந்தைக்கு வந்துவிட்டார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். எனக்கு ரெய்கி தெரியாது என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கையை வைத்தேன். மெலிந்து, எலும்பு கையில் தட்டியது. அன்றிலிருந்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணித்தியாலம் கைவைக்கிறேன். சில நாள் கதைப்பார், சில நாள் பேசாமல் இருப்பார். சில இரவுகள் நித்திரை வருகிறது, சில இரவுகள் வருவதில்லை. குளிசை ஒரு நாளும் தவறவில்லை.

நேற்று மழை. நான் இந்தப் பதிவை எழுதிக்கொண்டிருந்ததில் நேரம் போய்விட்டது. உள்ளே இருந்து அம்மா கூப்பிட்டார். "தம்பி, இண்டைக்குக் கை வைக்கேல்லையோ?" போய் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே என் கையைப் பிடித்து ஒரு விரற்கடை கீழே இறக்கிவிட்டார்.

"அங்கை இல்லையடா. அந்த நடுப் பீஸ்."