அந்த ஊதா போஸ்டர் பற்றி, கடைசியாக ஒருமுறை

டிராவல்ஸ்காரர் ஒருவர் போட்ட மே மாத 'குறிஞ்சி டூர்' போஸ்டர்: மலை முழுக்க ஊதாக் கம்பளமாக நீலக்குறிஞ்சி, பூவுக்குள் ஒரு மாடல் பொண்ணு. அதைக் குறை சொல்லியிருந்தேன், இனிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். "அழகா இருந்தா என்ன தப்பு?" என்று வரிசையாகக் கமெண்ட். சரி, சொல்கிறேன்.

நீலக்குறிஞ்சி பூப்பது 12 வருஷத்துக்கு ஒருமுறை. மூணாறு, கொடைக்கானல் பக்கம் 2006, 2018, அடுத்து 2030. அதுவும் ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை. மே மாதம் பூப்பது டிராவல்ஸ்காரர் கம்ப்யூட்டரில் மட்டும்தான். "நடுவுலயும் பூக்குதே" என்பீர்கள். பூக்கும், குறிஞ்சியில் வேறு இனங்கள் உண்டு. அதன் பெயர் போட்டு அதையே காட்டுங்களேன்.

பூவின் நிறம் வெளிர்நீலம், கொஞ்சம் ஊதா சாயும். போஸ்டரில் இருப்பது கத்தரிக்காய். லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளில் ஊதாவின் அடர்த்தியை ஏற்றி, மொத்தப் படத்தின் சாயலையும் மெஜந்தா பக்கம் இழுத்திருக்கிறார்கள். மேகமே ரோஸ் பவுடர் பூசி நிற்கிறது. தூரத்தை இழுத்துக் காட்டும் 200 மி.மீ. லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்தால் தள்ளித் தள்ளி நிற்கும் புதர்களும் கம்பளமாகத் தெரியும். அது பொய் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கூடவே இடம் முழுக்கத் தெரிகிற ஒரு வைடு ஷாட் போட்டால் குறைந்தா போய்விடும்?

"வியாபாரம் நடக்க வேண்டாமா?" நடக்கட்டும். படத்துக்கடியில், எடுத்த மாதம் 'ஆகஸ்ட் 2018' என்று போட எத்தனை எழுத்து? ஏமாந்து வருகிற குடும்பம் போஸ்டர் போட்டவரையா திட்டும்? ஜீப் ஓட்டுகிற தம்பியைத்தான்.

"பொறாமை" என்கிறார் ஒருவர். ஆமாம் சார், ஸ்லைடர் தள்ளத் தெரியாத பொறாமை.

நிறத்தைக்கூட விட்டுவிடலாம். மாடல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே ஒடிந்த கொம்புகள். இந்தச் செடி ஒரே தடவை பூத்து, காய்த்து, விதை சிந்திச் செத்துப்போகும். காய் முற்றுமுன் மிதிபட்டால் அதன் 12 வருஷமும் வீண், அடுத்த தலைமுறைக்கு விதையும் இல்லை. ஒருவர் நின்ற இடத்தில்தான் அடுத்தவரும் நிற்பார். நாலு நாளில் அது ஒற்றையடிப்பாதை. ஆள் வழியிலேயே நிற்கட்டும். கேமராவைப் பூ மட்டத்துக்கு இறக்கி, முன்னாலிருக்கும் புதரின் மேலாக எடுங்கள். பூவுக்குள் நிற்பது போலவே வரும்.

போன் கேமராவில் லொகேஷனையும் அணையுங்கள், இல்லாவிட்டால் எடுத்த இடம் படத்தோடு ஒட்டிக்கொண்டு போய்க் கூட்டத்துக்கு வழி காட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இடக்குறிப்பு கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். 'கொடைக்கானல் மலை' என்று எழுதினால் போதாதா, எந்த வளைவு, எந்தச் சரிவு என்றெல்லாம் எதற்கு?

2030-க்கும் இதே போஸ்டரைத்தான் தூசி தட்டுவார்கள். நிறத்தை என்னவோ செய்துகொள்ளட்டும், அந்தப் பொண்ணை மட்டும் வழிக்கு இந்தப் பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள்.