அட்மின் வேலை என்று கூப்பிட்டு ஆள் பிடிக்கச் சொல்கிறார்கள்

'ரியல் எஸ்டேட் ஆபீசுக்கு அட்மின் தேவை, நாகர்கோவில்.' இப்படி ஒரு விளம்பரத்தை நம்பிப் போய் நான் ஏமாந்தது இது நாலாவது தடவை. வயிறு எரிகிறது.

மார்த்தாண்டத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் ஆன்லைனில் எடுத்துக் கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, வடசேரியில் பஸ் இறங்கி, பத்து மணி இன்டர்வியூவுக்கு ஒன்பதரைக்கே போய் உட்கார்ந்தேன். கூப்பிட்டது பதினொன்றரைக்கு. இன்டர்வியூ எடுத்தவர் என் பி.காம் சான்றிதழைக் கையில்கூட வாங்கவில்லை.

"வண்டி உண்டுமா?"

அடுத்தது, "வெளிநாட்டுல சொந்தக்காரங்க யாராவது உண்டுமா?"

அப்போதே விளங்கிவிட்டது. கல்ஃபில் இருக்கிற மாமா, சித்தப்பாவிடம் பேசி பிளாட்டைத் தலையில் கட்ட ஆள் வேண்டும். சம்பளம் கேட்டேன். "முதல் மூணு மாசம் கமிஷன்தான், அப்புறம் பாக்கலாம் மக்ளே" என்றார்.

மேசையில் ஒரு மூலப்பத்திரம், அதாவது நிலத்தின் பழைய தாய்ப்பத்திரம், கிடந்தது. ஓரமெல்லாம் பொடிந்த பழுப்புத் தாள், முழுக்க மலையாளம். 1956 நவம்பர் 1-ந்தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கம்தானே. பழைய நிலத்துக்கு மூலம் தேடினால் இப்படித்தான் வந்து நிற்கும். எனக்குப் பாட்டி மலையாளம் வாசிக்கச் சொல்லித் தந்திருக்கிறார். நாலு எல்லையையும் வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த பட்டாவில் சர்வே எண்ணின் உட்பிரிவு ஒன்று, புதிய கிரையப் பத்திர (விற்பனைப் பத்திர) நகலில் வேறொன்று. அதையும் சொன்னேன்.

"அதெல்லாம் ரைட்டர் பாத்துக்குவாரு."

பத்திரம் எழுதுகிற அந்த ரைட்டர் என்ன பார்த்துக்கொள்வார்? வாங்குகிறவர் 7 சதவீதம் முத்திரைத்தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம் என்று கட்டி முடித்து, பட்டா மாற்றப் போய் நிற்கும்போதுதான் சர்வே எண் ஒத்துவரவில்லை என்று மனுவைத் தள்ளுவார்கள். பிழைதிருத்தல் பத்திரம் போட விற்றவர் வந்து கையெழுத்து போட வேண்டும். அவர் துபாயில் இருப்பார். இப்படிக் கையில் ஃபைலோடு கண் கலங்கி நிற்பவர்களை எங்கள் கடை வாசலில் நான் தினமும் பார்க்கிறேன். அந்த ஒரு எண்ணைச் சரிபார்க்கிறதுதானய்யா அட்மின் வேலை! அதற்குச் சம்பளம் கிடையாதாம்.

உங்களுக்குத் தேவை ஏஜென்ட் என்றால் 'கமிஷன் ஏஜென்ட் தேவை' என்றே போடுங்கள். வண்டி உள்ளவர்கள் வருவார்கள். நான் என் கடை வேலையைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன்.