டிரினிடாட், டொபாகோ: தீவுக்கு ஒரு அவையா?

"டிரினிடாட் டொபாகோ நாட்டில் இரண்டு தீவுகள், அதனால்தான் இரண்டு அவைகள். கீழவை டிரினிடாடுக்கு, மேலவை டொபாகோவுக்கு" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு.

கீழவையான பிரதிநிதிகள் சபையில் 41 தொகுதிகள். 39 டிரினிடாடில், 2 டொபாகோவில். ஆக, இரு தீவு மக்களும் ஒரே சபைக்குத்தான் வாக்களிக்கிறார்கள்.

மேலவையான செனட்டுக்குத் தேர்தலே கிடையாது. அதன் 31 பேரையும் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்: பிரதமர் சொல்படி 16 பேர், எதிர்க்கட்சித் தலைவர் சொல்படி 6 பேர், தம் சொந்த முடிவில் 9 பேர். இந்த ஒன்பது பேர் எந்தக் கட்சிக்கும் கட்டுப்படாதவர்கள். எனக்கு இந்த அமைப்பில் மிகவும் பிடித்தது இதுதான். சாதாரண மசோதாவுக்கு அரசின் 16 பேர் போதும். ஆனால் அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் சட்டம் என்றால் ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். செனட்டில் அது 19. மூன்று பேர் குறைகிறார்களே! எதிர்த்தரப்பையோ சுயேச்சைகளையோ சம்மதிக்க வைத்தே ஆக வேண்டும்.

சரி, குழப்பம் எங்கிருந்து வந்திருக்கும்? டொபாகோவுக்கு 1980 முதல் தனியாக ஒரு சபை இருக்கிறது. பெயரும் 'டொபாகோ ஹவுஸ் ஆஃப் அசெம்பிளி'. அது அந்தத் தீவின் உள் நிர்வாகத்தைக் கவனிக்கும் அமைப்பு. தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் கூடும் நாடாளுமன்றத்தின் அவை அல்ல.